இடப்பக்கம் ஒரு சைக்கிள்

கார் ஓட்டக் கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சைக்கிள் விடத் தெரியுமா?" என்றுதான். தெரியும் என்றால், ஸ்டியரிங்கில் கை வைப்பதற்கு முன்னால், என் பயிற்சிப் பள்ளி வாசலில் நிற்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை கீழ ராஜ வீதியைக் கடை நேரத்தில் ஒரு சுற்று சுற்றி வரச் சொல்வேன். தெரியாது என்றால், அதே வீதியில் என்னோடு நடந்து வர வேண்டும். சிலருக்கு இது பிடிப்பதில்லை. "காசு கட்டினது காருக்குத்தானேக்கா?" என்பார்கள். போய்விட்டு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் ஒன்றை மட்டும் ஏறக்குறைய எல்லோருமே சொல்வார்கள்: "பின்னாடி வந்து ஹாரன் அடிச்சாங்கக்கா. தூக்கிவாரிப் போட்டுருச்சு."

அந்த ஹாரனில்தான் என் முதல் பாடம் தொடங்குகிறது. பின்னால் பெரிய சத்தம் கேட்டால் சைக்கிளில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். நாம் சாலையின் இடது பக்கம் போகிறவர்கள். வண்டி நம்மைக் கடப்பது வலப்பக்கமாக. ஆகவே தலை வலப்பக்கம் திரும்பும். தலையோடு தோளும், தோளோடு கையும், கையோடு ஹேண்டில்பாரும் திரும்பும். கண் மூடித் திறப்பதற்குள் சைக்கிள் ஒரு முழம் வலப்பக்கம் நகர்ந்து, ஹாரன் அடித்த வண்டியின் பாதைக்குள்ளேயே வந்துவிடும். பிறகு ஓட்டுநர் இறங்கி நின்று, "ஹாரன் அடிச்சேங்க, அதுக்கப்புறமும் குறுக்க வந்துட்டாங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஹாரன் அடித்ததால்தான் அவர்கள் குறுக்கே வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சைக்கிளின் முதுகுக்குப் பக்கத்தில் போய் ஹாரன் அடிக்கவே கூடாது. தொலைவிலேயே ஒரு முறை மெல்ல அடித்து, வேகத்தைக் குறைத்து, முன்னால் போகிறவர் நம்மை உணர்ந்துகொண்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். காதைக் கிழிக்கும் ஏர் ஹாரனையும், பல சுரங்களில் ஊளையிடும் ஹாரனையும் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்திருக்கின்றன. பேருந்திலும் லாரியிலும் அவை இன்றும் ஒலிக்கின்றன. ஒவ்வொரு முறை கேட்கும்போதும், அந்த வண்டிக்கு முன்னால் யார் சைக்கிளில் போகிறார்களோ என்றுதான் எனக்குப் பதறும்.

சைக்கிள் ஒருபோதும் கோடு போட்டதுபோல நேராகப் போகாது. இரண்டு சக்கரத்தில் விழாமல் இருப்பதே, முன் சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஓயாமல் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருப்பதால்தான். வேகம் குறையக் குறைய இந்த ஆட்டம் கூடும். மேட்டில் ஏறும்போதும் எதிர்க்காற்றிலும் கூடும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காரியரின் இரு பக்கமும் தண்ணீர்க் குடங்களைக் கட்டிக்கொண்டு வருகிற பெண்களைப் பாருங்கள். குடத்துத் தண்ணீர் அலம்பும்போதெல்லாம் சைக்கிளும் அலம்பும். அவர்களை நூல் பிடித்ததுபோல் போகச் சொல்வது நியாயமில்லை. அந்த ஆட்டத்துக்கு இடம் விட வேண்டியது பின்னால் வருகிறவர்தான்.

"ஓரமாப் போக வேண்டியதுதானே?" என்று காரில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஓரம் எப்படி இருக்கிறது என்று சைக்கிளில் போனால்தான் தெரியும். தார் விளிம்பு உடைந்து, அதற்கும் பக்கத்து மண்ணுக்கும் நடுவே நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி இருக்கும். அதில் சக்கரம் இறங்கினால் மறுபடி ஏற்ற முடியாது. ஏற்ற முயன்றால் சைக்கிள் வழுக்கி, விழுவது சாலைக்குள்தான். லாரிகளிலிருந்து சிந்திய மணலும் ஜல்லியும் காற்றில் ஒதுங்கிச் சேர்வதும் அங்கேதான். மழைத் தண்ணீர் தேங்கிக் குழியை மறைப்பதும் அங்கேதான். ஊருக்குள் வந்தால் நிறுத்தி வைத்த வண்டிகள், தள்ளுவண்டிகள், படுத்திருக்கும் நாய்கள். ஆகவே விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே தள்ளிப் போவதே சைக்கிளுக்குப் பாதுகாப்பான இடம். சைக்கிள் கற்கிற பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் அங்கே போவது திமிரினால் இல்லை.

எவ்வளவு இடம் விட்டுக் கடப்பது? ஜெர்மனியில் 2020 முதல் சட்டமே அளவைச் சொல்லிவிட்டது: ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர். என் மாணவர்களுக்கு நான் சொல்வதும் அந்தக் கணக்கைத்தான். காரணம் எளிது. சைக்கிளில் இருப்பவர் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலும் அவர் தலை நம் சக்கரத்துக்கு எட்டக் கூடாது. வேகமாகப் போகும் லாரியும் பேருந்தும் இன்னும் கூடுதலாக ஒதுங்க வேண்டும். பெரிய வண்டி கடக்கும்போது அதன் முகப்பு தள்ளும் காற்று சைக்கிளை முதலில் வெளியே தள்ளும், வண்டி கடந்த கணமே உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில் தடுமாறாத ஆளே இல்லை.

எதிரே வண்டி வருகிறது, ஒன்றரை மீட்டர் விட இடமில்லை என்றால் சைக்கிளுக்குப் பின்னாலேயே போக வேண்டும். இதைச் சொன்னதும் முகம் சுளிக்கிறவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் சைக்கிளுக்குப் பின்னால் 200 மீட்டர் போனால் 48 வினாடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போயிருந்தால் 18 வினாடி. நமக்கு நஷ்டம் அரை நிமிடம்.

நெடுஞ்சாலையில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டரைப் போட்டு, "பாதை காலியா இருக்கு, முந்திக்கோ" என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்வது. அதே வலது இண்டிகேட்டருக்கு "நான் வலப்பக்கம் திரும்பப் போறேன்" என்பதுதான் விதிப்படி பொருள். "சைக்கிள் ஒண்ணு முன்னாடி போகுது, அதுக்கு ஒதுங்கறேன்" என்பதற்கும் அதே விளக்குத்தான். மூன்றில் எது என்று பின்னால் இருப்பவர் ஊகிக்கிறார். ஊகம் தவறினால் அடிபடுவது லாரி மறைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சைக்கிள். பாசத்தோடு செய்யும் இந்த உதவியை ஓட்டுநர் அண்ணன்மார் விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் முந்தலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியது அவர் கண்ணால் பார்த்துத்தான்.

எங்கள் மாவட்டம் கல் குவாரிகளுக்குப் பேர்போனது. டிப்பர் லாரிகள் ஓயாது. டிப்பர் ஓட்டும் ஒரு தம்பியிடம் கேட்டு, வண்டியை நிறுத்தி வைத்து ஒரு சோதனை செய்தோம். அவர் தன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நான் சைக்கிளோடு இடப்பக்கக் கதவை ஒட்டிப் போய் நின்றேன்.

"அக்கா, எங்க நிக்கிறீங்க? ஆளையே காணமே."

"கதவுக்குக் கீழதான் தம்பி நிக்கிறேன்."

"கண்ணாடியிலயும் தெரியல, சன்னல்லயும் தெரியல. கொஞ்சம் பின்னாடி போங்க பாப்போம்."

பின்னால் போகப் போக, ஒரு இடத்தில் அவர் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதே இடத்தில்தான் அவர் முகமும் எனக்குத் தெரிந்தது. சைக்கிள்காரர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவு இதுதான்: லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் முகம் தெரிந்தாலும் அவர் அந்தக் கணம் பார்க்கிறாரா என்பது வேறு விஷயம்.

ஓட்டுநர் வலப்பக்கம் உட்காரும் நம் வண்டிகளில் இடப்பக்கம்தான் குருட்டுப் பக்கம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கிளீனர் என்று ஒருவர் இருந்தார். இடது சன்னலில் தலையை நீட்டி, "ஹோல்டான், சைக்கிள் வருது" என்று தகரத்தைத் தட்டுவார். செலவைக் குறைப்பதற்காகப் பல லாரிகளில் இப்போது கிளீனரே இல்லை. ஒரு ஜோடிக் கண் குறைந்துவிட்டது.

நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது ஆபத்து இரண்டு மடங்காகிறது. முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போவதில்லை. அது மூலையை வெட்டி, உள்பக்கமாக, ஓரத்தை உரசிக்கொண்டு வரும். முன்பகுதி தள்ளிப் போவதைப் பார்த்து, "நமக்கு இடம் இருக்கு" என்று சைக்கிள் உள்ளே நுழையும். நடுப்பகுதி வரும்போது இடம் பாதியாகிவிடும், பின் சக்கரம் வரும்போது இருக்கவே இருக்காது. லாரியின் பக்கவாட்டில் கீழே கம்பி அடைப்பு இருக்க வேண்டும் என்று விதி கேட்பது, ஆள் உள்ளே போய் பின் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். வளைந்து போனதையும் கழன்று போனதையும் திரும்ப மாட்டாமல் ஓட்டுகிற வண்டிகள் இருக்கின்றன. சிக்னலில் நிற்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் சந்தில் சைக்கிளை விட்டு முன்னால் போகவே போகாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். லாரி போகட்டும், பிறகு போகலாம்.

கடை வீதியில் பயம் வேறு மாதிரி. அங்கே கார் கதவுதான் எமன். ஓரமாக நிறுத்திய காரின் வலது கதவு சட்டென்று திறக்கும். அதில் மோதிய சைக்கிள்காரர் விழுவது நடுச்சாலையில், பின்னால் வரும் பேருந்துக்கு முன்னால். நெதர்லாந்தில் ஓட்டுநர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லித் தருகிறார்கள்: கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல், தள்ளியிருக்கும் கையால் திறப்பது. நம் கார்களில் ஓட்டுநர் இடது கையால் வலது கதவைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பு தானாகவே வலப்பக்கம் திரும்பும், கண்ணாடியும் பின்னால் வரும் சாலையும் கண்ணில் படும். பின் இருக்கையில் இருப்பவர்களும் இதையே செய்யலாம். காசு செலவில்லாத, இயந்திரம் வேண்டாத ஒரு பாதுகாப்பு இது. என் பள்ளியில் இடது கையால் கதவைத் திறக்காத யாரையும் நான் ஆர்.டி.ஓ. சோதனைக்கு அனுப்புவதில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். வேகத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கை வகுப்பில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். சராசரி வேகம் மணிக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் கூடினால், உயிர்ப்பலி விபத்துகள் நூற்றுக்கு நான்கு முதல் ஐந்து வரை கூடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. காருக்குள் இருப்பவருக்கு பெல்ட்டும் ஏர்பேக்கும் இரும்புக் கூடும் இருக்கின்றன. சைக்கிளில் இருப்பவருக்குச் சட்டைத்துணிதான். அதனால்தான் 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் தனிக் கவனம் காட்டுவதை ஓட்டுநரின் கடமை என்றே எழுதி வைத்திருக்கின்றன. லைசென்ஸ் வாங்கும் நாளில் எட்டு போட்டுக் காட்டுகிறோம், கார் என்றால் பின்னோக்கி ஓட்டிக் காட்டுகிறோம். ஒரு சைக்கிளைப் பத்திரமாகக் கடந்து காட்டு என்று என் மாணவர் யாரையும் இதுவரை அங்கே கேட்டதில்லை. கேட்க வேண்டும்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், சைக்கிள் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வெறும் வண்டி இல்லை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரம் ஆயிரமாகப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள்: வயல் வேலைக்குப் போனவர்கள், குவாரியில் கல் உடைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். என் அம்மா அவர்களில் ஒருவர். பஸ்ஸுக்காகவும், கூட்டிப்போக ஓர் ஆணுக்காகவும் காத்திருந்த காலம் அவருக்கு அதோடு முடிந்தது. பிறகு அரசே பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்தது. காலை எட்டரை மணிக்கு எந்த ஊர்ச் சாலையிலும் அந்தச் சைக்கிள்களைப் பார்க்கலாம். சாலை பயமாக இருக்கிறது என்று ஒரு பெண் சைக்கிளை ஓரம் கட்டினால், அவள் இழப்பது உடற்பயிற்சியை அல்ல. பள்ளியை, வேலையை, தன் இஷ்டப்படி வெளியே போகும் உரிமையை.

சைக்கிள்காரர்களிடமும் எனக்குச் சொல்ல இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை. லைசென்ஸ், பதிவு, காப்பீடு எதுவும் வேண்டாம். எங்கள் அப்பா காலத்தில் நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது, இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவர் சொல்வார். இன்று யாரும் கேட்பதில்லை என்பதால் டைனமோவும் போய்விட்டது, விளக்கும் போய்விட்டது. டிம் போட்ட விளக்கில் கறுப்புச் சட்டை போட்ட ஆள் முப்பது நாற்பது மீட்டரில்தான் புலப்படுவார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்க ஆகும் ஒரு வினாடியையும் சேர்த்தால், நிற்பதற்கே அவ்வளவு தூரம் வேண்டும். பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தால் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே பளிச்சிடும். மட்கார்டின் வால் பகுதியில் வெள்ளை பூசுவதும் அதற்காகத்தான். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பெடலில் ஒட்டும் மின்னும் ஸ்டிக்கர் போதும். பெடல் மேலும் கீழும் போவதால், முன்னால் போவது சைக்கிள் என்று பின்னால் வருகிறவருக்கு உடனே விளங்கும்.

பிரேக் கட்டை தேய்ந்த பிறகும் காலைத் தரையில் தேய்த்தே நிறுத்தும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மழையில் ரிம் நனைந்திருந்தால் நல்ல பிரேக்கும் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குத் தண்ணீரைத் துடைக்க மட்டுமே செய்யும், பிடிக்காது. நனைந்த சாலையில் முன்கூட்டியே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்து வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் அது ஆடி முன் சக்கரத்துக்குள் போகும். தாவணியும் முந்தானையும் செயினில் மாட்டும். இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுங்கள். திரும்பும் முன் பின்னால் பார்த்து, திரும்பும் பக்கத்துக் கையை நன்றாக நீட்டுங்கள். அகலமான சாலையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றால், ஓரமாக நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு கடப்பதில் வெட்கமே வேண்டாம். மூன்று பேர் வரிசையாகப் பேசிக்கொண்டு போகிற பிள்ளைகளை நான் திட்டுவதில்லை, அந்த வயது அப்படி. ஆனால் வளைவிலும் பாலத்திலும் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள் கண்ணுகளா.

அடிபட்டவருக்கு என்ன வழி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனம் மோதிய சைக்கிள்காரர், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். எல்லா வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் வைத்திருப்பதே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போனாலும், 2022 ஏப்ரல் முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. அடிபட்டவரைத் தூக்கி 108-க்கு அழைக்கப் பயப்படவும் வேண்டாம். உதவி செய்தவரைப் பேர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்த இந்தப் பாதுகாப்பு, இப்போது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாக இருக்கிறது.

கடைசியாக, எதிர்த்திசையில் வரும் சைக்கிள். விராலிமலை வழியாகப் போகும் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் இதை நிறையப் பார்க்கலாம். 100 மீட்டர் தூரத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி வருகிறது என்று வையுங்கள். 15 கிலோமீட்டர் வேகத்தில் அதே திசையில் போகும் சைக்கிளை அது எட்ட 8 வினாடி ஆகும். எதிரே வரும் சைக்கிள் என்றால் 5 வினாடிகூட இல்லை. ஆகவே எதிர்த்திசையில் வராதீர்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுவேன். ஆனால் ஏன் வருகிறார்கள்? வீடு சாலைக்கு இந்தப் பக்கம், வயலும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம். நடுவில் தடுப்புச் சுவர். முறைப்படி திரும்பும் இடத்துக்குப் போய்வரச் சில கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். வெயிலில், காலி வயிற்றோடு, மணி அடிக்கும் நேரத்தில். சாலை போட்டவர்கள் காரை மனத்தில் வைத்துப் போட்டிருக்கிறார்கள். மிதித்துப் போகிறவளை நினைத்திருந்தால் அணுகுசாலையை விட்டு விட்டுப் போடாமல் தொடர்ச்சியாகப் போட்டிருப்பார்கள், ஊருக்கு ஊர் சுரங்கப்பாதை விட்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க ஓர் இடம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. எந்த இடத்தில் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள், அணுகுசாலை எங்கே அறுந்து நிற்கிறது, எந்த முனையில் விளக்கில்லை என்று எழுதித் தீர்மானமாகவே போடச் சொல்லுங்கள். அதன் நகலை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் அனுப்புங்கள். எந்தெந்த வகுப்பிலிருந்து எத்தனை பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள் என்ற கணக்கைத் தலைமையாசிரியரிடம் வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள்.